மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சனும் ஊமத்தைப் புகையும்

பேராக் மாநிலத்தில் பழைய ரப்பர்த் தோட்டங்கள் இருந்த இடங்களில், லயங்களின் பின்புறத்திலும் கோயில் வேலியோரத்திலும் ஊமத்தைச் செடி வளர்வதுண்டு. புனல் போன்ற பூவும் முள் நிறைந்த காயும் அதன் அடையாளங்கள். மலாய்க்காரர்கள் அதனைக் கெச்சுபோங் என்பர். சிவனுக்கு உகந்தது என்று அதன் பூவைப் பறிக்கும் பெரியவர்கள், காயின் பக்கம் போகும் பிள்ளைகளை அதட்டி விரட்டுவார்கள். காரணம் உண்டு. ஊமத்தையின் இலை, விதை, வேர் எல்லாவற்றிலும் நஞ்சு இருக்கிறது. தின்றவருக்கு நா வறளும், கண்மணி விரியும், நெஞ்சு படபடக்கும், புத்தி தடுமாறும், உயிரும் போகலாம்.

அந்த நஞ்சின் வழிவந்த மருந்துகளைத்தான் இன்று ஈப்போ மருத்துவமனைகளில் மூச்சிரைப்பால் அவதிப்படும் முதியவர்கள் சிறு கருவி மூலம் உள்ளிழுக்கின்றனர். ஊமத்தைக்கும் அந்தக் கருவிக்கும் இடையே 200 ஆண்டுகள் கடந்திருக்கின்றன. அக்கதையின் தொடக்கத்தில், சென்னையில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்து அங்கேயே மறைந்த ஒரு ஸ்காட்லாந்துக்காரர் நிற்கிறார். அவர் பெயர் ஜேம்ஸ் ஆண்டர்சன்.

ஆண்டர்சன் 1738ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகருக்கு அருகில் பிறந்தார். அந்நகரத்துப் பல்கலைக்கழகம் அக்காலத்தில் மருத்துவக் கல்விக்குப் பெயர் பெற்றது. அங்கே படித்த இளைஞர் பலர் கிழக்கிந்தியக் கும்பெனியில் வேலை தேடிக் கப்பலேறினர். ஆண்டர்சனும் அவ்வாறே கிளம்பினார். 1760களில் சென்னைக்கு வந்து கும்பெனியின் அறுவை மருத்துவராகப் பணியில் அமர்ந்தார். ஐதர் அலியோடும் திப்பு சுல்தானோடும் கும்பெனி மாறி மாறிப் போரிட்ட காலம் அது. போரில் இறந்த சிப்பாய்களைவிடக் காய்ச்சலாலும் வயிற்றுப்போக்காலும் இறந்தவர்களே அதிகம். மருத்துவருக்கு ஓய்வு ஏது? படிப்படியாக உயர்ந்து, 1786இல் சென்னை மாகாணத்தின் தலைமை மருத்துவரானார். பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடியேற்றிய ஆண்டும் அதுவே.

பதவி பெரியது, வருமானமும் பெரியது. அவர் நினைத்திருந்தால் மற்ற கும்பெனி அதிகாரிகளைப் போலப் பணம் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பியிருக்கலாம். அவர் திரும்பவில்லை. நுங்கம்பாக்கத்தில் நூறு ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தில் தோட்டம் போட்டார். உலகின் பல மூலைகளிலிருந்து விதைகளையும் கன்றுகளையும் வரவழைத்து நட்டார். அவற்றுள் எது இம்மண்ணில் பிழைக்கும், எது மக்களுக்குப் பிழைப்பைத் தரும் என்று பார்ப்பதே அவருடைய பொழுதுபோக்கு. பொழுதுபோக்கு என்பதைவிடப் பித்து என்று சொன்னால் பொருந்தும்.

அந்தப் பித்து முதலில் ஒரு பூச்சியின் மேல் விழுந்தது. மெக்சிக்கோவில் சப்பாத்திக் கள்ளியில் ஒட்டி வாழும் கொச்சினீல் என்ற சிறு பூச்சியை உலர்த்தி அரைத்தால் மிக உயர்ந்த சிவப்புச் சாயம் கிடைக்கும். ஒரு பவுண்டு சாயத்துக்கு ஏறக்குறைய 70,000 பூச்சிகள் தேவை. அந்த வாணிகம் முழுதும் ஸ்பெயின் நாட்டின் கையில் இருந்தது. பிரிட்டிஷ் துணி ஆலைகளோ அச்சாயத்திற்குப் பெரும்பணம் கொடுத்துக்கொண்டிருந்தன. இந்நிலையில் 1786இன் இறுதியில், சென்னைக் கடற்கரைப் பகுதிப் புல்லில் கொச்சினீலைப் போன்ற ஒரு பூச்சியை ஆண்டர்சன் கண்டார். உடனே லண்டனில் இருந்த புகழ்பெற்ற அறிவியலாளர் ஜோசப் பேங்க்ஸுக்கு மடல் எழுதினார். ஒன்றல்ல, தொடர்ந்து பல மடல்கள் எழுதினார். அவற்றைச் சென்னையிலேயே அச்சிட்டும் வெளியிட்டார்.

அது அவர் எண்ணிய பூச்சி அன்று. சாயத்திற்கும் அது உதவவில்லை. சோதித்து முடிப்பதற்கு முன்பே ஊரறியச் சொல்லிவிடும் அவசரம் ஆண்டர்சனிடம் இருந்தது என்றே கூற வேண்டும். ஆயினும் அவர் சோர்ந்துவிடவில்லை. உண்மையான கொச்சினீலை வரவழைத்தால் அதற்கு உணவு வேண்டுமே என்று, சைதாப்பேட்டையில் சப்பாத்திக் கள்ளிக்கென்றே ஒரு தோட்டத்தைக் கும்பெனியின் ஆதரவோடு அமைத்தார். லண்டன் கியூ தோட்டத்திலிருந்தும் அதற்குக் கள்ளி வகைகள் வந்தன. 1795இல் நீல்சன் என்ற படை அதிகாரி ரியோ டி ஜெனிரோவிலிருந்து பூச்சிகளைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தபோது, அவை சென்னைக்கும் வந்து சேர்ந்தன. ஆனால், அவை தாழ்ந்த வகைப் பூச்சிகள். அவை தந்த சாயம் மெக்சிக்கோச் சாயத்தோடு போட்டியிட முடியவில்லை. சைதாப்பேட்டைத் தோட்டம் சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது. அதிலிருந்த செடிகளில் பல பெங்களூர் லால்பாக் தோட்டத்திற்குப் போயின. முசுக்கொட்டைச் செடிகளை மாவட்டந்தோறும் அனுப்பிப் பட்டுத்தொழிலை வளர்க்கவும் அவர் பாடுபட்டார். அவர் காலத்தில் அதுவும் எதிர்பார்த்த அளவு நிலைக்கவில்லை.

இவ்வளவு உழைப்பும் பணமும் செலவான முயற்சிகள் மங்கிப்போக, அவர் ஒரு நோயாளிக்குச் சொன்ன எளிய யோசனை ஒன்று மட்டும் கடல் கடந்து நிலைத்தது. அது என்னவென்று காண்பதற்கு முன், அக்காலத்தில் மூச்சுத்திணறல் எவ்வாறு கருதப்பட்டது என்பதை அறிவது நலம்.

இன்று மருத்துவர்கள் ஆஸ்துமாவையும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயையும் வெவ்வேறாகப் பிரித்துப் பார்க்கின்றனர். ஆஸ்துமா பெரும்பாலும் இளம் வயதில் தொடங்கும், வரும், போகும். மூச்சுக்குழாய்கள் சுருங்கும், பின்னர் பழைய நிலைக்குத் திரும்பும். அடைப்பு நோய் அப்படிப்பட்டதன்று. பல ஆண்டுகள் புகையையும் தூசியையும் சுவாசித்ததால் குழாய்கள் தடித்து, நுரையீரலின் நுண்ணறைகள் சிதைந்து போகும் நோய் அது. இழந்தது திரும்புவதில்லை. 18ஆம் நூற்றாண்டில் இந்த வேறுபாடு தெரியாது. மூச்சு வாங்குகிற எவருக்கும் ஆஸ்துமா என்ற ஒரே பெயர்தான். ரத்தத்தை வெளியேற்றுவது, வாந்தி எடுக்க வைப்பது, அபினி கொடுப்பது ஆகியவையே ஐரோப்பிய மருத்துவர்கள் கையில் இருந்த வழிகள். மூச்சுக்குத் தவிக்கும் ஒருவரின் உடலிலிருந்து ரத்தத்தையும் எடுத்தால் என்ன ஆகும்? அவர்கள் பலவீனமடைந்ததே மிச்சம்.

தமிழகத்திலோ வேறொரு வழக்கம் இருந்தது. ஊமத்தையின் பாகங்களை உலர்த்தி, கொளுத்தி, அதன் புகையை உள்ளிழுத்தால் இரைப்பு தணியும் என்பதை நாட்டு மருத்துவர்கள் அறிந்திருந்தனர். இந்திய மருத்துவ மரபில் புகை பிடித்துக் குணம் தேடும் முறை மிகப் பழமையானது. மருந்தை விழுங்கினால் அது வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடல் முழுதும் பரவிய பின்னரே நெஞ்சை அடையும். புகையாக இழுத்தால் நேரே நோயுள்ள இடத்திற்கே போய்விடும். இக்காரணத்தை அன்றைய நாட்டு மருத்துவர்கள் இவ்வாறு விளக்கியிருக்க மாட்டார்கள். ஆனால், செய்கையில் அவர்கள் கண்டதும் இதுவே. ஐரோப்பிய நூல்களில் ஆண்டர்சனின் பெயர் இடம்பெற்றிருக்கிறது. அவருக்கு முன்னே ஊமத்தையைக் கொளுத்தியவர்களின் பெயர் ஒன்றுகூட அவற்றில் ஏறவில்லை. இதையும் மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

ஆண்டர்சன் அந்த வழக்கத்தை ஏளனம் செய்யாமல் எடுத்துக்கொண்டார். ஊர் மக்களின் மருந்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிய கும்பெனி மருத்துவர்கள் பலர் இருந்த காலத்தில் இது சிறிய செய்தியன்று. ஜென்ட் என்ற படைத்தலைவர் இரைப்பு நோயால் துன்பப்பட்டார். ஊமத்தையின் வேரையும் தண்டின் அடிப்பகுதியையும் உலர்த்தி நறுக்கி, சுருட்டுக் குழாயில் அடைத்துப் புகைக்கும் முறை ஆண்டர்சனிடமிருந்து அவருக்குக் கிடைத்தது. 1802இல் ஜென்ட் பிரிட்டனுக்குப் போனபோது, அந்த மருந்தையும் உடன் கொண்டுபோனார். அங்கே சிம்ஸ் என்ற மருத்துவரிடம் அதைக் கொடுத்தார்.

அதே 1802இல் ஆண்டர்சனின் மேசையில் வேறொரு பெரிய வேலையும் காத்திருந்தது. எட்வர்ட் ஜென்னர் கண்டுபிடித்த பெரியம்மைத் தடுப்புப் பால் அவ்வாண்டு பம்பாய்க்கு வந்து சேர்ந்து, அங்கிருந்து சென்னையை எட்டியது. மருந்தைக் குளிரூட்டிப் பாதுகாக்க வழியில்லாத நாளில், ஒரு குழந்தையின் கையில் எழுந்த கொப்புளத்திலிருந்து இன்னொரு குழந்தைக்கு என்று சங்கிலி அறுபடாமல் அதனைக் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. அந்தப் பணியை மாகாணமெங்கும் பரப்புவதில் ஆண்டர்சன் முனைந்தார். பெரியம்மையை ஒழிப்பது பற்றிய மடல்களைத் தொகுத்து 1804இல் அச்சிட்டும் வெளியிட்டார். ஒரு மருந்து சென்னைக்கு வந்த ஆண்டிலேயே இன்னொரு மருந்து சென்னையிலிருந்து போனது என்பது வியப்பான ஒற்றுமை. முதலாவதைப் பற்றி அவர் பக்கம் பக்கமாக எழுதினார். இரண்டாவது ஒரு நோயாளியின் பெட்டியில் அமைதியாகப் பயணம் செய்தது.

ஆண்டர்சன் 1809இல் சென்னையில் காலமானார். சென்னை மாகாணத்து மருத்துவர்கள் அவருக்குச் சலவைக்கல்லில் சிலை எடுத்தனர். சான்ட்ரி என்னும் பெயர்பெற்ற ஆங்கிலச் சிற்பி செதுக்கிய அச்சிலை, சென்னைச் செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் இன்றும் இருக்கிறது. ஊமத்தையின் உண்மையான சோதனை அவர் இறந்த பிறகே தொடங்கியது.

சிம்ஸ் கையில் இருந்த சென்னைச் சரக்கு தீர்ந்து போனது. பிரிட்டனில் தானாக முளைக்கும் ஊமத்தையின் உறவுச் செடி ஒன்று இருந்தது. அதனைப் புகைத்துப் பார்த்தபோது அதே பலன் கிடைத்தது. செய்தி பரவிற்று. 1811இல் ஊமத்தைப் புகையால் சுகம் கண்டவர்களின் கடிதங்கள் லண்டனில் தனி நூலாகவே வெளிவந்தன. இரவெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கியவர்கள் இப்போது படுத்துத் தூங்குவதாக எழுதினர். மறு ஆண்டு எடின்பரோ மருத்துவ இதழில் சிம்ஸும் எழுதினார். சிலர் அதனை நிவாரணம் என்றனர். சிலர் குணமே கிடைத்துவிட்டது என்றனர்.

எல்லாரும் நம்பிவிடவில்லை. ராபர்ட் பிரீ என்ற மருத்துவர் மூச்சு நோய்கள் பற்றிப் பெரிய நூல் எழுதியவர். அவரே ஆஸ்துமா நோயாளி. தம்மிடம் வந்த 82 பேரிடம் ஊமத்தைப் புகையின் விளைவை அவர் ஆராய்ந்தார். அவர்களுள் 58 பேருக்கு நிலையான பலன் எதுவும் இல்லை. மீதி 24 பேருக்குத் தீங்கே விளைந்தது. அதாவது 82இல் ஒருவர்கூடக் குணமடையவில்லை என்பது அவர் முடிவு. கடிதம் எழுதியவர்கள் பொய் சொன்னார்களா? அல்லது பிரீ தவறிழைத்தாரா?

இக்கேள்வி ஏன் முக்கியம் என்றால், மருந்தைச் சோதிப்பது எவ்வளவு கடினம் என்பது இதில் தெரிகிறது. பலன் கண்டவர் மகிழ்ச்சியோடு கடிதம் எழுதுவார். பலன் காணாதவர் குழாயைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு மருந்து தேடிப் போவார். ஆகவே கடிதங்களை மட்டும் எண்ணினால் எந்த மருந்தும் அமுதமாகத்தான் தெரியும். பிரீ அதற்கு மாறாகத் தம்மிடம் வந்த எல்லாரையும் எண்ணினார். அது அக்காலத்திற்குப் பெரிய முன்னேற்றம். ஆனால், அவரிடமும் குறை இருந்தது. உடலுக்குள் தேங்கிய கெட்ட பொருளை வெளியே தள்ளவே மூச்சு இரைக்கிறது என்பது அவருடைய கொள்கை. அதனை அடக்கும் மருந்து கேடுதான் செய்யும் என்று முன்னரே நம்பியிருந்தார். மேலும், அவர் தேடியது நிலையான பலன். சில மணி நேரம் கிடைத்த ஆறுதல் அவர் கணக்கில் சேரவில்லை. யாருக்கு எவ்வளவு புகை உள்ளே போனது என்பதையும் அளக்க வழியில்லை. ஒரு செடியில் நஞ்சு மிகுந்திருக்கும், மற்றொன்றில் குறைந்திருக்கும். ஒருவர் ஆழமாக இழுப்பார். மற்றவர் மேலோட்டமாக ஊதிவிடுவார்.

விடை வேதியியலிலிருந்து சிறிது சிறிதாக வந்தது. 1830களில் ஜெர்மானிய வேதியியலாளர்கள் அட்ரோபின் என்ற பொருளைச் செடிகளிலிருந்து தனியே பிரித்தனர். ஊமத்தையில் உள்ள நஞ்சும் அதுவே என்பது பின்னர் உறுதியாயிற்று. மூச்சுக்குழாயைச் சுற்றி மெல்லிய தசை வளையங்கள் உள்ளன. மூளையிலிருந்து இறங்கிவரும் ஒரு நரம்பு, அசிட்டைல்கோலின் என்ற பொருளைச் சுரந்து அத்தசையை இறுகச் செய்கிறது. பூட்டுக்குள் சாவி நுழைவது போல அப்பொருள் தசையிலுள்ள ஏற்பிகளில் நுழைய வேண்டும். அட்ரோபின் முந்திக்கொண்டு அந்தத் துளையை அடைத்துவிடுகிறது. தசை தளர்கிறது; குழாய் விரிகிறது; அடைபட்ட காற்று வெளியேறுகிறது. அட்ரோபினின் வேலை முடிந்ததும் தசை மீண்டும் இறுகும். எனவே கடிதம் எழுதியவர்கள் சொன்னதும் உண்மை, பிரீ எழுதியதும் பெரும்பாலும் உண்மை. ஊமத்தை ஆறுதல் தந்தது, நோயைப் போக்கவில்லை.

இதற்கிடையில் ஊமத்தைச் சுருட்டுகளும் பொடிகளும் மருந்துக்கடைகளில் தாராளமாக விற்பனையாயின. 20ஆம் நூற்றாண்டிலும் அவற்றைப் பயன்படுத்தியவர்கள் இருந்தனர். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தோடு நுரையீரலைப் புண்ணாக்கும் கரியும் தாரும் சேர்ந்தே உள்ளே போயின. அட்ரோபின் ரத்தத்தில் கலந்து மூளைக்கும் சென்றதால் மயக்கமும் பிதற்றலும் வந்தன. நல்லதும் கெட்டதும் ஒரே புகையில் இருந்தன என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

புகையிலிருந்து மருந்தை விடுவிக்கும் வேலை 20ஆம் நூற்றாண்டில்தான் நிறைவேறியது. 1956இல் ஒவ்வோர் அழுத்தத்திற்கும் ஒரே அளவு மருந்தைப் பீச்சும் கைக்கருவி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அட்ரோபினின் அமைப்பைச் சிறிது மாற்றிச் செய்த இப்ராட்ரோப்பியம் என்ற மருந்து 1970களில் பயன்பாட்டுக்கு வந்தது. அது ரத்தத்தில் எளிதில் சேராது, மூளையைத் தொடாது, நுரையீரலிலேயே தங்கி வேலை செய்யும். ஆனால், சில மணி நேரமே நிற்கும். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் தம்பியாக டயோட்ரோப்பியம் வந்தது. அதனை நாளுக்கு ஒருமுறை இழுத்தால் போதும்.

இந்தப் புதிய மருந்தை எப்படிச் சோதித்தார்கள் என்பதைப் பிரீயின் 82 பேரோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 37 நாடுகளைச் சேர்ந்த 5,993 அடைப்பு நோயாளிகள் ஓர் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு உண்மையான மருந்து. மீதிப் பாதிக்கு அதே தோற்றமுடைய வெறும் தூள். யாருக்கு எது கிடைத்தது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. இரு தரப்பினரும் தங்களின் வழக்கமான மற்றச் சிகிச்சைகளைத் தொடரலாம் என்றும் விதி இருந்தது. மூச்சுக்குத் தவிக்கும் ஒருவரைச் சோதனைக்காக வெறுங்கையோடு விட்டுவிடுவது முறையாகாதல்லவா? 4 ஆண்டுகள் அவர்கள் தொடர்ந்து கவனிக்கப்பட்டனர். 2008இல் முடிவு வெளியாயிற்று. மருந்தை இழுத்தவர்களின் மூச்சுத்திறன் கூடியிருந்தது; நோய் திடீரென முற்றும் நிகழ்ச்சிகள் குறைந்திருந்தன; அன்றாட வாழ்க்கை எளிதாகியிருந்தது. ஆனால், நுரையீரல் ஆண்டுதோறும் தேய்ந்துகொண்டே போகும் வேகம் குறையவில்லை. ஊமத்தைப் புகை பற்றி 1812இல் எழுந்த வழக்குக்கு ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுகள் கழித்துக் கிடைத்த தீர்ப்பு இது. இரு தரப்புக்கும் பாதி வெற்றி.

பேராக்கில் இந்நோய் யாரைத் தேடி வருகிறது என்பதைப் பார்ப்போம். முதல் காரணம் சிகரெட்டும் சுருட்டும். தோட்டங்களில் வாழ்ந்த தலைமுறைக்கு வேறு புகைகளும் இருந்தன. சீவிச் சேர்த்த பாலை உறையவைத்துத் தகடாக்கி, புகை வீட்டில் தொங்கவிட்டு, கீழே விறகை எரித்து நாள்கணக்கில் உலர்த்துவார்கள். தகடுகளைத் திருப்பவும் இறக்கவும் அந்தப் புகைக்குள் போய்வந்தவர்கள் உண்டு. லயத்துச் சமையலறைகளிலும் பெண்கள் விறகடுப்பின் முன் அமர்ந்து சமைத்தனர். கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களிலும் தூசிக்குக் குறைவில்லை. சுங்கை சிப்புட் முதல் பத்து காஜா வரை அந்தத் தோட்டங்கள் பல இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. மரம் சீவியவர்களும் அவர்களின் பிள்ளைகளும் நகரங்களில் குடியேறிவிட்டனர். இளமையில் இழுத்த புகை மட்டும் நெஞ்சைவிட்டுப் போகவில்லை. மாடிப்படி ஏறும்போதும் சந்தைப் பையைத் தூக்கும்போதும் அது தன் இருப்பைக் காட்டுகிறது. வயதானால் இப்படித்தான் இளைக்கும் என்று பலர் மருத்துவரிடம் போகாமலே இருந்துவிடுகின்றனர்.

போகிறவர்களுக்கு முதலில் ஓர் ஊதல் சோதனை நடக்கும். ஜான் ஹட்சின்சன் என்ற ஆங்கில மருத்துவர், 2,000க்கும் மேற்பட்டவர்களின் மூச்சை அளந்து 1846இல் விளக்கிய கருவியின் வழித்தோன்றலே இன்றைய கருவி. மூக்கை ஒரு கவ்வியால் மூடிக்கொண்டு, நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, குழாயில் வேகமாகவும் முடிந்தவரையும் ஊத வேண்டும். முதல் வினாடியில் எவ்வளவு காற்று வெளியேறுகிறது, மொத்தம் எவ்வளவு என்று கருவி கணக்கிடும். பிறகு மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தைக் கொடுத்து, உட்கார வைப்பார்கள். வழக்கமாகக் கொடுக்கப்படும் சல்பியூட்டமோலுக்குக் கால் மணி நேரம் போதும். ஊமத்தை வழிவந்த மருந்தாக இருந்தால் அரை மணிக்கும் மேல் காத்திருக்க வேண்டும். மறுபடியும் ஊத வேண்டும். மருந்துக்குப் பிறகும் முதல் வினாடிக் காற்று மொத்தத்தில் 70 விழுக்காட்டுக்குக் கீழ் இருந்தால், நோய்க்குறிகளையும் சேர்த்துப் பார்த்து, அடைப்பு நோய் என்று மருத்துவர் முடிவு செய்வார்.

இரண்டாவது ஊதலில் எண் சிறிதளவே கூடினாலும் சிலர் முகம் மலர்வதுண்டு. அதற்கும் காரணம் இருக்கிறது. அடைப்பு நோயில் பழைய காற்று வெளியேற முடியாமல் நெஞ்சுக்குள் தேங்கி நிற்கும். புதிய காற்றுக்கு இடமிருக்காது. குழாய்கள் சிறிது விரிந்து அந்தத் தேக்கம் குறைந்தாலே, நடக்கும்போது இளைப்பு தணியும். கருவி காட்டும் எண்ணைவிட நோயாளி உணரும் ஆறுதல் பெரிதாக இருக்கலாம். ஆகவேதான் இன்றைய ஆய்வாளர்கள் ஊதலை மட்டும் அளப்பதில்லை. ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார், இரவில் எத்தனை முறை விழிக்கிறார் என்றும் கேட்கின்றனர்.

மருந்துச் சீட்டோடு வெளியே வருபவருக்கு மருந்தாளர் கருவியைப் பயன்படுத்தும் முறையைக் காட்டுவார். முதலில் மூச்சை வெளியே விட வேண்டும். பின் உதடுகளை இறுக மூடி, மருந்தை உள்ளிழுக்க வேண்டும். பத்து வரை எண்ணும்வரை மூச்சை அடக்க வேண்டும். முதல் நாளில் பெரும்பாலோர் இதைத் தவறாகச் செய்வர். அப்படிச் செய்தால் மருந்து தொண்டையிலேயே படிந்துவிடும். மருந்தாளர் திருத்துவார், மறுபடியும் செய்யச் சொல்வார். இன்னமும் புகைபிடிப்பவராக இருந்தால், அதை நிறுத்தச் சொல்லும் அறிவுரையும் அதே மேசையில் கிடைக்கும். நுரையீரல் தேயும் வேகத்தைக் குறைப்பது உறுதியாகத் தெரிந்த வழி அதுதான். எந்தக் கருவியிலும் அடைத்துக் கொடுக்க முடியாத மருந்து.